காற்றாலை வரட்டும்; மேய்ச்சலும் ஓடையும் போகக் கூடாது!

  

கயத்தாறு, கோவில்பட்டி, ஓட்டப்பிடாரம், விளாத்திகுளம், சங்கரன்கோவில், கமுதி என்று நம்ம மானாவாரிச் சீமை முழுக்க இன்றைக்கு இரண்டே பொருளுக்குத்தான் கிராக்கி. ஒன்று காற்று. இன்னொன்று வெயில். இரண்டையும் பிடித்து மின்சாரமாக்கி விற்க வேண்டுமென்றால் நிலம் வேண்டும். அந்த நிலம் நம்மிடம் இருக்கிறது. அதனால்தான் மழை பொய்த்த வருஷத்தில் ஊர்ப்பக்கம் எட்டிப் பார்க்காத ஆட்களெல்லாம் இப்போது டீக்கடை பெஞ்சில் வந்து உட்காருகிறார்கள். "அண்ணாச்சி, இந்தக் கரிசல்ல என்னத்தக் கண்டீங்க? மழையும் இல்ல, வெலையும் இல்ல. நல்ல ரேட்டு வருது, குடுத்துட்டுப் பிள்ளைகளோட போய் நிம்மதியா இருங்க" என்று தேனொழுகப் பேசுகிறார்கள்.

இந்தப் பேச்சு வந்ததுமே ஊர் இரண்டாகப் பிரிகிறது. "கம்பெனியை உள்ளேயே விடக் கூடாது" என்று ஒரு சாரார். "வீடு தேடி வந்த லட்சுமியை விரட்டாதே" என்று இன்னொரு சாரார். சங்கத்தின் நிலை என்ன என்று கிளைகளிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அதைத் தெளிவாகச் சொல்லவே இந்தப் பிரசுரம்.

காற்றுக்கும் வெயிலுக்கும் நாம் எதிரி இல்லை

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். காற்று மின்சாரமும் சூரிய மின்சாரமும் வரத்தான் வேண்டும். கரியை எரித்து எரித்து வானம் கெட்டுப்போனதன் பலனை முதலில் அனுபவிப்பவன் விவசாயி. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதை மறக்க முடியுமா? ஒரு வருஷத்துக்குப் பெய்ய வேண்டிய மழை ஒரு ராத்திரியில் இறங்கினால் எந்தக் குளம் தாங்கும்? கரை உடைந்தது, ஆடு மாடு போனது, காட்டில் நின்ற உளுந்தும் மக்காச்சோளமும் அழுகியது. அடுத்த வருஷம் வறட்சி வராது என்று யாரால் உத்தரவாதம் தர முடியும்?

கரி மின்சாரம் நிலத்தை விட்டுவைக்கிறது என்றும் நினைக்க வேண்டாம். நெய்வேலிப் பக்கம் வளையமாதேவியில் 2023 ஜூலையில், பச்சைப் பயிராக நின்ற நெல்லுக்குள் இயந்திரத்தை இறக்கி வாய்க்கால் வெட்டினார்கள். எதற்கு? நிலக்கரிச் சுரங்கத்துக்கு. அதையும் பார்த்தவர்கள்தான் நாம்.

மின்சாரத்தின் அருமையை நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. யூனிட்டுக்கு ஒரு பைசா ஏற்றியதை எதிர்த்து 1970-ல் பெருமாநல்லூரில் துப்பாக்கிச் சூட்டில் மூன்று விவசாயிகள் உயிர் விட்டார்கள். அதற்குப் பின்னும் எத்தனையோ பேர் ரத்தம் சிந்திய பிறகுதான் பம்புசெட்டுக்கு இலவச மின்சாரம் என்று ஆனது. நமக்கு மின்சாரம் வேண்டும். நாட்டுக்கும் வேண்டும். நாம் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: அதை எந்த இடத்தில், யாரைக் கேட்டு, எதை அழித்து எடுக்கிறீர்கள்?

தரிசு என்று யார் சொன்னது?

கம்பெனிக்காரரும் சொல்கிறார், அதிகாரியும் சொல்கிறார்: "விளையாத தரிசில்தானே போடுகிறோம், உங்களுக்கு என்ன நஷ்டம்?"

ரெவின்யூ கணக்கில் தரிசு என்று எழுதிவிட்டால் அது வெறும் மண் ஆகிவிடுமா? ஆவணியில் அந்தத் தரிசில் யார் நிற்கிறார்கள் என்று ஒரு நாள் வந்து பார்க்கச் சொல்லுங்கள். நம்ம கன்னி ஆடும் கொடி ஆடும் வேம்பூர்ச் செம்மறியும் அங்கேதான் மேய்கின்றன. இவையெல்லாம் தூத்துக்குடி, விருதுநகர்ப் பக்கத்து வெயிலுக்கும் முள்ளுக்கும் என்றே உருவான இனங்கள். கொட்டிலில் அடைத்துத் தீவனம் வாங்கிப் போட்டு வளர்க்கிற ஆடுகள் இல்லை. மேய்ச்சல் போனால் ஆடு போகும். ஆடு போனால் கிடை போகும். கிடை போனால் எரு போகும். அறுப்பு முடிந்த காட்டில் கீதாரி வந்து நாலு ராத்திரி கிடை மறித்துவிட்டுப் போனால் அடுத்த வெள்ளாமை எப்படி எழும்புகிறது என்பது நமக்குத் தெரியும். உர மூட்டைக்கு வரிசையில் நிற்கிற காலத்தில், அந்த எருவை நமக்குக் கொடுத்தது எது? கணக்கில் தரிசு என்று எழுதிய அதே நிலம்தான்.

கொங்குச் சீமையில் காங்கேயம், தாராபுரம் பக்கம் கொறங்காடு என்பார்கள். சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே வெள்வேல மரம், கீழே கொழுக்கட்டைப் புல். வெளியூர்க்காரன் கண்ணுக்கு அது வெறுங்காடு. காங்கேயம் மாட்டுக்கு அதுதான் தொட்டில். அங்கேயும் காற்றாலைகள் வரிசை கட்டி நிற்கின்றன.

அதே தரிசில்தான் காடை, கௌதாரி, ஆட்காட்டி, வானம்பாடி எல்லாம் தரையில் முட்டை இடுகின்றன. வல்லநாட்டு மலையில் வெளிமானுக்கென்றே 1987-ல் சரணாலயம் ஏற்படுத்தினார்கள். வெளிமான் அடர்ந்த காட்டு மிருகம் இல்லை, புல்வெளி மிருகம். பனிக்காலத்தில் மத்திய ஆசியாவிலிருந்து பூனைப்பருந்துகள் நம்ம கரிசலுக்கு வந்து, பகலெல்லாம் தாழப் பறந்து வேட்டையாடி, இரவில் புல் தரையில் கூட்டமாகத் தங்குகின்றன. புல்வெளி போனால் அதற்குத் தங்க இடம் கிடையாது.

அதுகளும் நம்ம காட்டு வேலையாட்கள்தான்

"பறவை செத்தா எனக்கென்ன, பருத்திக்கு வெலை கிடைச்சாப் போதும்" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. கணக்குப் போட்டே பார்ப்போம்.

பூனைப்பருந்து என்ன தின்கிறது? வெட்டுக்கிளியும் எலியும். கூகையும் கோட்டானும் ராத்திரி முழுக்க எலி பிடிக்கின்றன. சின்ன வௌவால் பயிரைத் தின்னும் அந்துப்பூச்சியைப் பிடிக்கிறது. கூலி கேட்காமல், சாப்பாடு கேட்காமல் நம்ம காட்டில் இரவும் பகலும் வேலை பார்க்கிற ஆட்கள் இவர்கள். இவர்கள் இல்லாவிட்டால் அந்த வேலையை யார் பார்ப்பது? மருந்துக் கடைக்காரனுக்குப் பணம் கொடுத்து நாம்தான் பார்க்க வேண்டும்.

காற்றாலை இவர்களை என்ன செய்கிறது? மேற்குத் தொடர்ச்சி மலையில், மகாராஷ்டிராவின் சதாரா மாவட்டத்துச் சால்கேவாடி பீடபூமியில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தார் ஆராய்ந்து 2018-ல் வெளியிட்டார்கள். காற்றாலை இல்லாத இடத்தோடு ஒப்பிட்டால், காற்றாலை இருக்கிற இடத்தில் பருந்து, வல்லூறு போன்ற வேட்டைப் பறவைகள் ஏறக்குறைய நாலில் ஒரு பங்குதான் இருந்தன. பருந்து குறைந்ததால் ஓணான் பெருகிவிட்டது. மனுஷன் கிட்டப் போனாலும் சட்டென்று ஓடாத அளவுக்கு அதுக்குப் பயம் விட்டுப்போச்சு. மேலே ஒன்றைத் தொட்டால் கீழே என்னென்னவோ மாறுகிறது. அங்கே ஓணான் பெருகியது. நம்ம காட்டில் எது பெருகும்? அதை யாராவது ஆராய்ந்து பார்த்துவிட்டுத்தான் இங்கே தூண் நடுகிறார்களா?

இறக்கையில் அடிபடுவதைவிட மின்கம்பியில் அடிபடுவதும் சாதாரணமில்லை. ராஜஸ்தானின் தார் பகுதியில் 4,200 சதுர கிலோமீட்டர் பரப்பில் மட்டும் மின்கம்பிகளால் வருஷத்துக்குச் சுமார் 84,000 பறவைகள் சாவதாக இந்திய வனவிலங்கு நிறுவனம் கணக்கிட்டது. நம்ம பக்கத்தில் நாங்குநேரி வட்டம் கூந்தன்குளத்துக்கு வரித்தலை வாத்தும் கூழைக்கடாவும் நாரையும் வருஷா வருஷம் வருகின்றன. பறவை எச்சம் கலந்த குளத்துத் தண்ணீர் வயலுக்குச் சத்து என்று அந்த ஊர் மக்களே அதுகளைக் காப்பாற்றி வந்தார்கள். 1994-ல்தான் அரசு அதைச் சரணாலயமாக அறிவித்தது. சர்க்கார் வருவதற்கு முன்பே பறவையைக் காப்பாற்றியவன் சம்சாரி! இப்படிப்பட்ட குளங்களுக்கு நடுவே உயரழுத்தக் கம்பி இழுக்கும்போது யாரைக் கேட்டு இழுப்பது?

மயிலும் பன்னியும் பற்றி

"பல்லுயிர் பல்லுயிர்னு பேசுறீங்களே, மயிலும் காட்டுப்பன்னியும் நம்ம வெள்ளாமையை அழிக்குதே, அதுக்கு என்ன பதில்?" என்று கேட்பீர்கள். இந்தச் சங்கம்தான் பயிர்ச் சேதத்துக்கு இழப்பீடு கேட்டு மனுக் கொடுத்துக்கொண்டே இருக்கிறது. பன்னியால் போன நிலக்கடலைக்கும் மக்காச்சோளத்துக்கும் உரிய பணத்தை அரசு தர வேண்டும், அதில் நமக்கு இரண்டு கருத்து இல்லை.

ஆனால் யோசித்துப் பாருங்கள். ஆயிரக்கணக்கான ஏக்கர் புதர்க்காட்டையும் புல்தரையையும் சமன்படுத்திக் கம்பி வேலி போட்டு அடைத்துவிட்டால், அங்கே இருந்த மிருகம் எங்கே போகும்? கம்பெனி ஆபீசுக்கா போகும்? வேலிக்கு அடுத்தாற்போல் இருக்கிற நம்ம பிஞ்சைக்குத்தான் வரும். இடம் பறித்தவன் ஒருத்தன், பயிர் கொடுத்துத் தண்டம் கட்டுகிறவன் இன்னொருத்தன். இதுதான் நடக்கும்.

ஓடை அடைபட்டால் ஊரே அடைபடும்

எல்லாவற்றையும்விட நமக்குப் பெரிய பயம் தண்ணீர். மானாவாரிக் காட்டில் விழும் மழை சின்னச் சின்ன வாய்க்காலாக இறங்கி, ஓடையில் சேர்ந்து, கண்மாய்க்குப் போய்ச் சேருகிறது. ராட்சத இறக்கையை ஏற்றி வரும் லாரிக்கு அகலப் பாதை வேண்டும். பாதையை மேடாக்கினால் தண்ணீர் மறிபடும். தகடு பதிக்க நிலத்தைச் சமன் செய்தால் நூறு வருஷமாகத் தண்ணீர் போன வழி ஒரே வாரத்தில் காணாமல் போகும். குழாய் பதிக்கிறோம் என்பார்கள். பெருமழையில் அந்தக் குழாய் எத்தனை நாள் தாங்கும்?

மேட்டுக்காட்டில் நிலத்தை விற்றவருக்குப் பணம் கிடைத்துவிடும். கீழே கண்மாயை நம்பி ஆயக்கட்டில் இருப்பவருக்கு என்ன கிடைக்கும்? அவர் எந்தப் பத்திரத்திலும் கையெழுத்துப் போடவில்லையே! நிலம் தனித்தனிப் பட்டாவாக இருக்கலாம், தண்ணீர் ஊருக்கே பொது. ஒருத்தர் நிலத்தின் கிரயத்தில் ஊர்த் தண்ணீரையும் சேர்த்து விற்க முடியாது.

மற்ற இடங்களில் நடந்தது என்ன?

ராஜஸ்தானிலும் குஜராத்திலும் கானமயில் என்று ஒரு பறவை. முழங்கால் உயரப் புல்லில் நடக்கும் பெரிய பறவை. மொத்தமே நூற்றைம்பது அளவில்தான் மிஞ்சியிருக்கிறது என்கிறார்கள். அந்தப் பறவை வாழும் இடத்திலேயே சோலாரும் காற்றாலையும் பெருகிக் கம்பிகள் பின்னின. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 2021 ஏப்ரலில், முக்கியமான இடங்களில் கம்பியைப் பூமிக்கடியில் பதியுங்கள், மற்ற கம்பிகளில் பறவை கண்டு விலகும்படி தட்டுகள் மாட்டுங்கள் என்று நீதிமன்றம் உத்தரவிட்டது. அவ்வளவு பெரிய பரப்பில் பதிக்க முடியாது என்று அரசு முறையிட்டதால் 2024 மார்ச்சில் அந்த உத்தரவை மாற்றி, நிபுணர் குழு அமைத்தது. பருவநிலை மாற்றத்தின் கேட்டிலிருந்து காக்கப்படுவதும் மக்களின் உரிமை என்று அதே தீர்ப்பில் சொன்னது. அதாவது மின்சாரமும் வேண்டும், பறவையும் வேண்டும். முதலிலேயே இடம் பார்த்துப் போட்டிருந்தால் இந்த வழக்கே வந்திருக்காது. எல்லாம் நட்டு முடித்த பிறகு யோசித்தால் பறவைக்கும் நஷ்டம், கம்பெனிக்கும் நஷ்டம்.

அதே ராஜஸ்தானில் ஓரண் என்று சாமிக்கு விட்ட காடுகள் உண்டு. நம்ம ஊர் ஐயனார் கோயில் காடு மாதிரி. கோடாலி படாத காடு, ஊர் ஆடு மாடெல்லாம் மேயும் காடு. கணக்கில் தரிசு என்று இருந்ததால் அங்கேயும் கம்பெனிகளுக்கு நிலம் போனது. ஜெய்சால்மர் மேய்ச்சல்காரர்கள் விடாமல் போராடினார்கள். 2024 டிசம்பரில், ஓரண்களை அளந்து அடையாளம் கண்டு காடாக அறிவிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் ராஜஸ்தான் அரசுக்கு உத்தரவிட்டது.

பக்கத்தில் கர்நாடகம், துமகூரு மாவட்டம் பாவகடாவைப் பார்ப்போம். வறண்ட சீமை. சுமார் 13,000 ஏக்கரில் 2,050 மெகாவாட் சோலார் பூங்கா. அங்கே நிலத்தைக் கிரயம் வாங்கவில்லை, குத்தகைக்கு எடுத்தார்கள். ஏக்கருக்கு வருஷம் 21,000 ரூபாய், இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை 5 சதவீதம் உயர்வு. பட்டா விவசாயி பெயரிலேயே இருக்கிறது. இது நல்ல அம்சம், நாமும் கேட்க வேண்டிய அம்சம். ஆனால் நிலமில்லாத கூலிக்காரர்களுக்குக் காட்டு வேலை போனது. ஆடு மேய்த்தவர்களுக்கு மேய்ச்சல் போனது. அவர்களுக்குக் குத்தகைப் பணம் கிடையாது. இது அந்தத் திட்டத்தின் ஓட்டை.

நம்ம கமுதியில் 2016-ல் 648 மெகாவாட் சோலார் நிலையம் திறந்தார்கள். சுமார் 2,500 ஏக்கர். ஒரு மெகாவாட்டுக்கு ஏறக்குறைய நாலு ஏக்கர் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். இன்னும் எத்தனை ஆயிரம் மெகாவாட் என்று அறிவிப்பு வரும்போதெல்லாம் அதை நாலால் பெருக்கிப் பாருங்கள். எவ்வளவு நிலம் என்று தெரிந்துவிடும்.

சட்டத்தில் உள்ள ஓட்டை

அனல் மின் நிலையமோ பெரிய சுரங்கமோ வந்தால் கலெக்டர் முன்னிலையில் மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்த வேண்டும். 2006-ஆம் வருஷத்துச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை அப்படிச் சொல்கிறது. ஆனால் காற்றாலையும் சோலாரும் அந்தப் பட்டியலிலேயே இல்லை. சுத்தமான மின்சாரம், அதனால் கேள்வி வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். புகை வராதது உண்மைதான். ஆனால் ஆயிரம் ஏக்கரை வேலி போட்டு அடைக்கும்போது ஊரைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா?

நிலத்தைச் சர்க்கார் கையகப்படுத்தினால் 2013 சட்டப்படி சமூகப் பாதிப்பை ஆராய வேண்டும். அதைத் தவிர்க்கத்தான் புரோக்கரை விட்டுத் தனித்தனியாக வாங்குகிறார்கள். சென்னையிலும் திருப்பூரிலும் பிழைக்கப் போன பங்காளியிடம் பவர் வாங்கிவிடுகிறார்கள். நடுவில் மாட்டிக்கொண்ட சிறு விவசாயிக்கு வண்டிப் பாதையும் போய்விடுகிறது. வேறு வழியில்லாமல் அவரும் சொன்ன விலைக்குக் கொடுக்கிறார். விற்றவரை நாம் குறை சொல்லவில்லை. மகள் கல்யாணமும் கூட்டுறவுக் கடனும் அவரவருக்குத்தான் தெரியும். விற்க வைக்கிற நெருக்கடியைத்தான் குறை சொல்கிறோம்.

அப்படியானால் வழி என்ன?

வழி இருக்கிறது. நாம் வெறுமனே 'வேண்டாம்' என்று சொல்லிவிட்டு உட்காரவில்லை.

முதல் வழி, பழைய காற்றாலையைப் புதுப்பிப்பது. தமிழ்நாட்டில் 1986-ல் இருந்து காற்றாலை ஓடுகிறது. இன்று 10,000 மெகாவாட்டுக்கு மேல் நிற்கிறது. ஆரல்வாய்மொழி, முப்பந்தல், கயத்தாறு என்று நல்ல காற்றடிக்கும் இடங்களையெல்லாம் அன்றைக்கே பிடித்து 225, 250 கிலோவாட் சின்ன எந்திரங்களை நட்டுவிட்டார்கள். இன்றைய எந்திரம் ஒன்றே 2,500 கிலோவாட்டுக்கு மேல். பழைய பத்துக் காத்தாடி இருந்த இடத்தில் புதுசு ஒன்று போதும். புது நிலம் வேண்டாம், புதுப் பாதை வேண்டாம். 2024-ல் தமிழக அரசே இதற்குக் கொள்கை வெளியிட்டது. அதை முதலில் செய்து முடிக்கட்டும், பிறகு புதுக் காட்டுக்கு வரட்டும்.

இரண்டாவது, கூரை. ஒரு கோடி வீட்டுக் கூரைக்குச் சோலார் என்று 2024-ல் மத்திய அரசு அறிவித்தது. பள்ளிக்கூடம், குடோன், மில், ரைஸ்மில், ரேஷன் கடை, அரசு ஆபீஸ் எத்தனை இருக்கிறது! கூரையில் எந்த ஆடும் மேய்வதில்லை. குஜராத்தில் மேசானா மாவட்டத்தில் 2012-லேயே நர்மதைக் கால்வாய்க்கு மேலே 750 மீட்டர் தூரம் தகடு போட்டு ஒரு மெகாவாட் எடுத்தார்கள்.

மூன்றாவது, நம்ம நிலத்தில் நாமே மின்சாரம் எடுப்பது. 2019-ல் வந்த குசும் திட்டத்தில் 500 கிலோவாட் முதல் 2 மெகாவாட் வரை விவசாயியோ, விவசாயிகள் குழுவோ, ஊராட்சியோ, கூட்டுறவுச் சங்கமோ சோலார் வைத்து மின்வாரியத்துக்கு விற்கலாம் என்று இடம் வைத்தார்கள். தகட்டை உயரத்தில் தூக்கி வைத்துக் கீழே வெள்ளாமை எடுக்கலாம். ஜோத்பூர் மத்திய வறண்ட மண்டல ஆராய்ச்சி நிலையத்தில் தகடுகளுக்கு இடையே பாசிப்பயறு போன்ற பயிர்களை வளர்த்துப் பார்த்திருக்கிறார்கள். முதல் போட நம்மிடம் பணம் இல்லை. கூட்டுறவு வங்கி குறைந்த வட்டிக்குக் கடன் கொடுக்கட்டும். கம்பெனிக்குக் கோடிக்கணக்கில் கொடுக்கும் வங்கி, நாலு ஏக்கர்க்காரர்கள் சேர்ந்து கேட்டால் கதவை மூடுவது என்ன நியாயம்?

நாலாவது, நடுகிற காத்தாடியையும் இழுக்கிற கம்பியையும் ஒழுங்காகச் செய்வது. நார்வே நாட்டில் ஸ்மோலா தீவில் ஒரு இறக்கைக்குக் கறுப்பு வண்ணம் பூசிப் பார்த்தார்கள். சில காற்றாலைகளில் மட்டும் செய்த சோதனைதான், ஆனாலும் அங்கே பறவைச் சாவு 70 சதவீதம் குறைந்ததாக 2020-ல் அறிவித்தார்கள். ஒரு டின் பெயிண்ட் செலவு! புகளூரிலிருந்து திருச்சூர் போகும் மின்பாதை கேரளத்துக்குள் ஒரு பகுதி தூரம் பூமிக்கடியில் கேபிளாகப் போகிறது. 2018-ல் கொங்கு விவசாயிகள் உயர்மின் கோபுரத்துக்கு எதிராக இதைத்தானே கேட்டார்கள்? கேரளத்துக்கு முடிந்தது தமிழ்நாட்டுக்கு ஏன் முடியாது?

நம் கையில் இருக்கும் ஆயுதம்

அரிட்டாபட்டியை நினைத்துப் பாருங்கள். மதுரை மாவட்டம் மேலூர் பக்கம். 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. சுமார் 250 வகைப் பறவை, மலை, சுனை, ஏரி எல்லாம் பதிவாகியிருந்தது. 2024-ல் டங்ஸ்டன் சுரங்க ஏலம் என்று வந்தபோது சுற்றுவட்டாரக் கிராமங்கள் கிராம சபையில் தீர்மானம் போட்டன. 2025 ஜனவரியில் மேலூர் விவசாயிகள் மதுரைக்கு நடந்தே போனார்கள். அதே மாதம் ஏலம் ரத்து ஆனது. மக்கள் ஒற்றுமை ஒரு பக்கம், கையில் இருந்த ஆவணம் இன்னொரு பக்கம். இரண்டும் சேர்ந்துதான் ஜெயித்தது.

2002 பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும், மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுத வேண்டும். நம்ம ஊராட்சியில் அந்தக் குழு இருக்கிறதா? பதிவேடு யார் அலமாரியில் கிடக்கிறது? கேளுங்கள். நம்ம ஆட்டு இனம், பனை, புல், பறவை, ஓடை, ஐயனார் காடு எல்லாவற்றையும் நாமே சொல்லி எழுத வைப்போம். மேய்ச்சல் புறம்போக்கு, மந்தை, தோப்பு இவற்றின் பயன்பாட்டை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் 1994 ஊராட்சிகள் சட்டத்தில் ஊராட்சிக்கு இருக்கிறது. கிராமப் பொது நில ஆக்கிரமிப்பை அகற்ற வேண்டும் என்று 2011-ல் உச்ச நீதிமன்றமே எல்லா மாநிலங்களுக்கும் சொல்லியிருக்கிறது.

பத்திரத்தில் கை வைக்கும் முன்பு இதையும் கவனியுங்கள். கிரயத்தைவிடக் குத்தகை நல்லது. பவர் எழுதிக் கொடுக்காதீர்கள். ஓடையும் வண்டிப் பாதையும் அடைபடாது என்று எழுதி வாங்குங்கள். காலம் முடிந்ததும் கான்கிரீட் அஸ்திவாரத்தைத் தோண்டி எடுத்து நிலத்தைப் பழையபடி தர வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். வாய்ப்பேச்சு காற்றோடு போகும், எழுத்துத்தான் நிற்கும்.

நமது கோரிக்கைகள்

1. பெரிய காற்றாலை, சோலார் திட்டம் எதுவானாலும் மக்கள் கருத்துக் கேட்பும் கிராம சபை ஒப்புதலும் கட்டாயமாக்கு!

2. மேய்ச்சல் புறம்போக்கு, ஓடை, கண்மாய் வரத்துக்கால், கோயில் காடு, பறவை வரும் குளங்களின் சுற்றுப்புறம் ஆகியவற்றை முன்கூட்டியே வரைபடத்தில் குறித்து, திட்டங்களுக்கு விலக்கப்பட்ட இடமாக அறிவி!

3. பழைய காற்றாலைகளைப் புதுப்பிப்பதையும் கூரைச் சோலாரையும் முதலில் செய்து முடி!

4. தனியார் நிலத்தைக் குத்தகைக்கே எடு! கூலிக்காரருக்கும் மேய்ச்சல்காரருக்கும் வருமானத்தில் பங்கு கொடு!

5. பறவை வழித்தடத்தில் மின்பாதையைப் பூமிக்கடியில் கொண்டு போ! முடியாத இடத்தில் எச்சரிக்கைத் தட்டு மாட்டு!

6. சிறு விவசாயிகள் கூட்டாகச் சோலார் அமைக்கக் கூட்டுறவு வங்கிக் கடனும் நியாயமான கொள்முதல் விலையும் கொடு!

7. வனவிலங்கால் சேதமான பயிருக்கு உரிய இழப்பீட்டைத் தாமதமின்றி வழங்கு!

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வருஷத்தில் இந்த ஆறு நாளும் கிராம சபை நாள். வருகிற கிராம சபைக்கு வீட்டுக்கு ஒருவர் தவறாமல் வாருங்கள். ஆடு மேய்க்கிறவரும் வர வேண்டும், நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்களும் வர வேண்டும். மேற்கண்ட கோரிக்கைகளைத் தீர்மானமாகப் போட்டு, எழுதியதைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். நகலை உங்கள் ஊர்க் கிளைச் செயலாளரிடம் கொடுங்கள். எல்லா ஊர்த் தீர்மானங்களையும் கட்டாகக் கட்டிக்கொண்டு தாசில்தார் ஆபீஸ் முன்பு ஆர்ப்பாட்டம் நடத்தப் போகிறோம். நாளும் நேரமும் கிளைகள் மூலம் தெரிவிக்கப்படும்.

காற்று ஓடும், வெயில் மறுநாளும் வரும். அடைபட்ட ஓடையும் அழிந்த புல்லும் போனால் போனதுதான். அதை விட்டுக்கொடுத்து நாளைக்கு நம்ம பிள்ளைகளுக்கு என்ன பதில் சொல்வது?

மின்சாரம் எடு! மேய்ச்சலை விடு!
கூரையில் வை! குளத்தை விடு!
ஊரைக் கேட்காமல் ஒரு தூணும் நடாதே!
விவசாயிகள் ஒற்றுமை ஓங்குக!